‘அது என் இஷ்டம்’ என்று பிள்ளை சொல்லும்போது: பதின்ம வயதுச் சண்டைகளைத் தணிக்க முழுமையான வழிகாட்டி

இரவு பத்தே முக்கால். பிள்ளை கையில் போன். "இன்னும் தூங்கலையா?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல். "அஞ்சு நிமிஷம்மா." கால் மணி நேரம் கழித்து அதே குரல் ஏறி வருகிறது. போன் பிடுங்கப்படுகிறது, கதவு படாரென்று சாத்தப்படுகிறது, "எங்க காலத்துல அப்பா எதிர்ல நின்னு பேசவே மாட்டோம்" என்ற வாசகம் வந்து விழுகிறது. மறுநாள் காலை வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இதைப் போன் சண்டை என்று எடுத்துக்கொண்டால் தீர்வு கிடைக்காது. போன் ஓய்ந்தால் தலைமுடி வரும். அது முடிந்தால் பைக், அதற்குப் பிறகு பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை முடிவு செய்வது யார்? 12 வயதுவரை அநேகமாக எல்லாமே பெற்றோர் முடிவு. 18க்குப் பிறகு பெரும்பாலானவை பிள்ளையின் முடிவு. நடுவில் உள்ள ஆறு வருடத்தில் எந்த முடிவு எப்போது கை மாறும் என்று பெரும்பாலான வீடுகளில் பேசி வைப்பதே இல்லை. பேசாததால் ஒவ்வொன்றும் ஒரு சண்டை வழியாகவே கை மாறுகிறது. அந்தக் கை மாற்றத்தைப் பேசி நடத்துவது எப்படி என்பதே இங்கே சொல்லப்போவது.

தலைமுறை இடைவெளி எங்கே விழுந்தது

இன்று 15 வயதுப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரில் பலர் 1975க்கும் 1985க்கும் இடையே பிறந்தவர்கள். அவர்கள் பள்ளிக்குப் போன காலத்தில் போன் என்றால் பக்கத்து வீட்டு லேண்ட்லைன், இல்லாவிட்டால் எஸ்.டி.டி. பூத். நண்பர்களோடு பேச ஆண் பிள்ளைகளுக்குக் குட்டிச்சுவர் இருந்தது, பெண் பிள்ளைகளுக்கு மொட்டை மாடியும் பள்ளியிலிருந்து நடந்து வரும் வழியும் இருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு மலிவான டேட்டா வீடு வீடாக நுழைந்தது. 2010இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஆறு வயது. அதற்கு முந்தைய உலகம் அதன் நினைவில் இல்லை.

ஆகவே நீங்கள் ‘மெஷின்’ என்று பார்ப்பது பிள்ளைக்குக் குட்டிச்சுவர். போனைப் பிடுங்குவது, நாலு நண்பர்கள் பார்க்கக் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்து வருவதற்குச் சமம். அவ்வளவு கோபம் ஏன் வருகிறது என்பது இதிலிருந்து புரியும். அதே நேரம் உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குட்டிச்சுவர் எட்டு மணிக்குக் காலியாகிவிடும். தெருவில் போகிறவர்கள் ஒரு கண் வைத்திருப்பார்கள். போனில் இரவு முழுக்க ஆள் இருக்கிறது, அந்த ஆள் யாரென்று உங்களுக்குத் தெரியாது. பேச்சைத் தொடங்கும்போது இரண்டு நியாயங்களும் உங்கள் மனதில் இருக்கவேண்டும்.

படி 1: பதினான்கு நாள், ஒரு நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் எழுதுங்கள். 40 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து குறிப்பு: மணி என்ன, எதைப் பற்றி, முதல் வாக்கியத்தை யார் என்ன சொல்லித் தொடங்கினார், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், எப்படி முடிந்தது. முதல் வாக்கியத்தைச் சொன்னது சொன்னபடி எழுதவேண்டும். "சும்மா கேட்டேன்" என்று எழுதினால் பயனில்லை. "எப்பப் பாரு போனு" என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். நோட்டு பிள்ளை கண்ணில் படாமல் இருப்பது நல்லது. பட்டால் தன் மேல் வழக்குத் தயாராகிறது என்று நினைக்கும்.

முடிவில் பார்த்தால் பத்துச் சண்டைகள் இரண்டு மூன்று விஷயங்களுக்குள் அடங்கிவிடும். நேரமும் பெரும்பாலும் ஒரே நேரமாக இருக்கும்: டியூஷன் முடிந்து பசியோடு வரும் ஏழரை மணி, அல்லது தூங்கப்போகும் நேரம். ஏழரை மணிச் சண்டைக்குச் சில வீடுகளில் பேச்சு வார்த்தையே தேவைப்படாது. வந்ததும் கேள்வி கேட்காமல் சுண்டலோ தோசையோ கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிட்டால் அதில் பாதி காணாமல் போகும்.

படி 2: நான்கு கூறாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் நிதானமாகச் செய்யவேண்டிய வேலை இதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானா பெற்றோர், பதின்ம வயதினர் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ஒரே விஷயத்தை இரு தரப்பும் வெவ்வேறு வகையில் சேர்ப்பதால்தான் பெரும்பாலான மோதல் வருகிறது என்பது அவர் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பெற்றோர் ‘குடும்ப வழக்கம்’ என்றோ ‘பாதுகாப்பு’ என்றோ நினைப்பதைப் பிள்ளை ‘என் சொந்த விஷயம்’ என்று நினைக்கிறது.

நோட்டில் உள்ள ஒவ்வொன்றையும் இந்த நான்கில் ஒன்றில் போடுங்கள்.

பாதுகாப்பு: உயிருக்கோ உடம்புக்கோ படிப்புக்கோ மீள முடியாத கேடு வரக்கூடியது. பைக் இங்கே வரும். 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று சாவி கொடுக்கும் அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பிறருக்குக் கேடு: தங்கையை அடிப்பது, பொய், திருட்டு, வகுப்பில் ஒருவரைக் கேலி செய்து குரூப்பில் படம் போடுவது.

வழக்கம்: விருந்தாளி வந்தால் அறையை விட்டு வெளியே வந்து "வாங்க" என்று கேட்பது, கல்யாண வீட்டுக்கு என்ன உடுத்துவது, கோயிலுக்கு வருவது, சாப்பிட்ட தட்டைக் கழுவுவது.

சொந்த விஷயம்: தலைமுடி, பாட்டு, அறைச் சுவரில் எதை ஒட்டுவது, வீட்டில் போடும் உடை, நண்பர்களில் யார் நெருக்கம், விடுமுறையில் எத்தனை மணிக்கு எழுவது.

முதல் இரண்டில் முடிவு உங்களுடையது. ஆனால் காரணத்தைச் சொல்லவேண்டும். மூன்றாவதில் பேரம் உண்டு: "கல்யாணத்துக்கு வேட்டி கட்டு, ரிசப்ஷனுக்கு உன் இஷ்டம்." நான்காவதில் கருத்தை ஒரு முறை சொல்லிவிட்டு விலகவேண்டும். தலைமுடி வளர்ந்துவிடும், சுவரைத் திரும்ப வெள்ளையடிக்கலாம்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, எல்லாவற்றையும் பாதுகாப்பில் போடுவது. "நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பது பாதுகாப்பில் சேராது, அது வழக்கம். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். அண்ணனுக்குச் சொந்த விஷயமாக இருக்கும் அதே உடை, அதே வெளியே போகும் நேரம் தங்கைக்கு மட்டும் பாதுகாப்பு விஷயமாகிவிடும். உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதென்றால் அது எங்கே, எந்த வழியில், எத்தனை மணிக்கு என்று சொல்லத் தெரியவேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது உங்கள் அச்சம். அதை அச்சம் என்றே பிள்ளையிடம் சொல்லுங்கள். "எனக்குப் பயமா இருக்கு, நீ பஸ் ஏறினதும் ஒரு மெசேஜ் போடு" என்பதற்குப் பெரும்பாலான பெண்கள் சம்மதிப்பார்கள்.

விட்டுக்கொடுக்க முடியாத விதிகள் ஐந்துக்கு மேல் போனால் எதுவும் நிற்காது. மூன்று என்றால் இன்னும் நல்லது.

படி 3: தூக்கக் கணக்கு

சோம்பேறி என்ற பட்டத்தைக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். 13 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பருவமடையும்போது தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் பிள்ளையால் தூங்க முடியாமல் போவது உண்மை, நடிப்பல்ல. பதினொரு மணிக்குத் தூங்கி, படிப்பதற்காக ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்குக் கிடைப்பது ஆறு மணி நேரம். தினமும் குறைந்தது இரண்டு மணி நேரக் கடன். சனிக்கிழமை பத்து மணிவரை தூங்குவது அந்தக் கடனை அடைப்பது. தூக்கம் குறைந்தால் எரிச்சல் ஏறும், சின்ன விஷயத்துக்கும் வெடிக்கும்.

அதிகாலைப் படிப்பு உங்களுக்குப் பலித்திருக்கலாம். பிள்ளைக்குப் பலிக்கிறதா என்பதை ஒரு மாதத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்து, இல்லையென்றால் எழும் நேரத்தை ஆறரைக்குத் தள்ளுங்கள். கூடவே இரவு வெளிச்சத்தையும் போனையும் குறைக்கவேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் பலனில்லை.

படி 4: பேசும் விதம்

இடம் முக்கியம். எதிரெதிரே உட்கார வைத்துப் பேசினால் விசாரணை போல் ஆகிவிடும். பக்கவாட்டில் இருப்பது நல்லது: வண்டியில் போகும்போது, மாடியில் துணி உலர்த்தும்போது, கறிகாய் நறுக்கும்போது. சாப்பாட்டுத் தட்டின் முன் வேண்டாம், ரேங்க் கார்டு வந்த அன்று வேண்டவே வேண்டாம். ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம், இருபது நிமிடம். அதைத் தாண்டினால் பழைய கணக்குகள் கிளம்பும்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது. "ஏன் இப்படிப் பண்றே?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. கேட்கவேண்டியது இப்படி: "ராத்திரி போனை வைக்கச் சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கு. அந்த நேரத்துல என்ன நடக்குது, சொல்லேன்." பிறகு அமைதியாக இருங்கள். பத்து விநாடி மௌனம் நீளமாகத் தோன்றும், அதை நிரப்பாதீர்கள். "பத்து மணிக்குத்தான் எல்லாரும் டியூஷன் முடிஞ்சு குரூப்ல வருவாங்க" என்று பதில் வரலாம். அதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்ப பத்து மணிக்கு வச்சுட்டா நீ மட்டும் தனியாப் போயிடுற மாதிரி இருக்கு." இந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் உங்கள் கவலையைச் சொல்லவேண்டும், அதையும் ஒரே வாக்கியத்தில்: "எனக்குக் கவலை உன் தூக்கம்தான், காலையில பஸ்ஸுல தூங்கிட்டுப் போறே." கடைசியாக, "ரெண்டும் ஒத்துப்போற மாதிரி என்ன பண்ணலாம்? முதல்ல நீ சொல்லு."

பிள்ளை முதலில் சொல்லும் யோசனை அபத்தமாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது நான்காவது யோசனை உருப்படியாக வரும்.

பேச்சைக் கெடுப்பவை சில உண்டு. "எங்க காலத்துல" என்று தொடங்கினால் பிள்ளையின் காது அங்கேயே மூடிவிடும். "சித்தப்பா பொண்ணைப் பாரு" என்றால் அன்றோடு அந்தப் பெண்ணையும் பிடிக்காமல் போகும். "அப்பா வரட்டும்" என்று அம்மா சொன்னால், அப்பா வீட்டுக்கு வரும் காலடிச் சத்தமே தண்டனையாகிவிடும். பெற்றோர் இருவரும் முன்கூட்டியே தனியாகப் பேசி ஒரே முடிவோடு வரவேண்டும். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் ரகசியமாகக் கொடுத்தால் எந்த ஏற்பாடும் ஒரு வாரம் தாங்காது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அவர்களிடமும் சொல்லி வைக்கவேண்டும்: "அத்தே, போன் விஷயம் மட்டும் நாங்க பாத்துக்கறோம், நீங்க அவனுக்குத் தோசை சுட்டுக் குடுங்க." பாட்டி தாத்தாவுக்குப் பாசம் காட்டும் வேலை மட்டும் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

படி 5: போன் ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு நிற்காது. ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும் ஒரு மாதிரி:

பள்ளி நாளில் இரவு 10.15க்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும் கூடத்துச் சார்ஜருக்கு வரும். எல்லாப் போனும் என்றால் அப்பா அம்மா போனும்தான். படுக்கையில் அப்பா வீடியோ பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஒப்பந்தம் மூன்றாம் நாள் கிழியும். அலாரத்துக்கு 200, 300 ரூபாயில் ஒரு கடிகாரம் வாங்குங்கள், "அலாரத்துக்குத்தான் போன்" என்ற காரணம் போய்விடும். வெள்ளி, சனி இரவு 11.30. சாப்பிடும் அரை மணி நேரம் யார் கையிலும் போன் இல்லை. பள்ளி வாட்ஸாப் குரூப்பில் வரும் வீட்டுப்பாடத்தை எட்டரை மணிக்குள் நோட்டில் எழுதிக்கொள்வது பிள்ளையின் பொறுப்பு.

மீறினால் மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக, 9.15க்கு வைக்கவேண்டும். அவ்வளவுதான். ‘ஒரு மாதம் போன் கிடையாது’ என்பதை நீங்களே நாலாம் நாள் தளர்த்துவீர்கள், அதோடு உங்கள் சொல்லின் மதிப்பு போய்விடும். விளையாட்டின் நடுவில் பிடுங்காதீர்கள். ஒரு மேட்ச் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை போகும், பாதியில் போனால் கூட ஆடும் நண்பர்களும் தோற்பார்கள். 9.45க்கே, "இது கடைசி மேட்ச்" என்று சொல்லிவிடுங்கள். பதினான்கு நாள் கழித்து ஒப்பந்தத்தைத் திரும்பப் பார்க்கும் தேதியையும் அந்தத் தாளில் எழுதுங்கள். ஒழுங்காக நடந்திருந்தால் கால் மணி நேரம் கூட்டிக் கொடுக்கலாம். நம்பிக்கை கூடினால் உரிமையும் கூடும் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும்.

இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினருக்கான கணக்கு உண்டு. அதில் இரவு பத்து மணி முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் ஒலிக்காது, 16 வயதுக்குக் குறைந்தவர் அமைப்பைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பிறந்த வருடத்தைப் பொய்யாகக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே முதலில் அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

ரகசியமாகப் போனைத் திறந்து படிப்பது வேண்டாம். பிடிபடும் நாளில் பிள்ளை இரண்டாவது கணக்கு தொடங்கும், அதற்குப் பிறகு உங்களுக்கு எதுவுமே தெரியாது. யாரோ மிரட்டுகிறார்கள், பணம் கேட்கிறார்கள், முன்பின் தெரியாத பெரியவர் ஒருவர் தொடர்ந்து பேசுகிறார் என்ற அறிகுறி இருந்தால் மட்டும் பார்க்கலாம். அதையும் பிள்ளை எதிரிலேயே, காரணம் சொல்லிப் பாருங்கள்.

படி 6: குரூப் தேர்வு

இந்தப் பேச்சை மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று தொடங்கினால் சண்டை உறுதி. ஜனவரியிலேயே தொடங்குங்கள். ஒரு தாளில் பிள்ளை விரும்பும் இரண்டு வழி, நீங்கள் விரும்பும் இரண்டு வழி. ஒவ்வொன்றுக்கும் என்ன பாடம், அடுத்து என்ன நுழைவு வழி, எத்தனை வருடம், செலவு எவ்வளவு. பொறியியல் கட்-ஆஃப் 200க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதம் பிடிக்காத பிள்ளையை முதல் குரூப்பில் தள்ளினால் என்ன ஆகும் என்று இந்தக் கணக்கே சொல்லும். அந்தந்தப் படிப்பில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவரிடம் பிள்ளையை அரை மணி நேரம் பேசவிடுங்கள், நீங்கள் கூட உட்காராதீர்கள்.

பெற்றோரின் பயம் பெரும்பாலும் பணம். அதை மறைத்துவிட்டு "உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசுவதால்தான் மோதல். வருமானம் இவ்வளவு, கடன் தவணை இவ்வளவு, வருடத்துக்கு இவ்வளவுதான் கட்ட முடியும் என்று 15 வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம். பலர் அதற்குப் பிறகு பொறுப்போடு பேசுகிறார்கள்.

படி 7: காதல் தெரியவந்தால்

அன்று இரவே எதையும் முடிவு செய்யாதீர்கள். அடிக்காதீர்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள், கோபத்தில் அந்த வீட்டுக்குப் போன் போடாதீர்கள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவது இதில் மிகக் கொடிய தவறு. 18 வயதுக்குக் கீழ் பெண்ணுக்குத் திருமணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம், அதோடு ஒரு படிப்பும் ஒரு வாழ்க்கையும் அங்கேயே முறிகிறது.

பிள்ளைக்குச் சட்டத்தையும் சொல்லித்தரவேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தில் 18 வயது ஆகாத எவரும் குழந்தை. உடலுறவு என்று வந்தால் ‘இருவரும் விரும்பித்தான்’ என்ற வாதம் நிற்காது. ஆண் பிள்ளையின் பெற்றோரும் பெண் பிள்ளையின் பெற்றோரும் இதைத் தங்கள் பிள்ளைகளிடம் மிரட்டலாக இல்லாமல் தகவலாகச் சொல்லவேண்டும். படம் அனுப்புவதன் ஆபத்தையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம்: "யார் கேட்டாலும் அனுப்பாதே. அனுப்பிட்டா, எங்ககிட்ட வந்து சொல்லு, திட்ட மாட்டோம்." சொன்னபடி திட்டாமல் இருக்கவேண்டும். மிரட்டப்படும் பிள்ளை பெற்றோரிடம் வராமல் போவதற்கு, ஏற்கெனவே ஒரு முறை வந்து திட்டு வாங்கியதே காரணமாக இருக்கும்.

சண்டை வெடித்துவிட்டால்

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் சில நாள் வெடிக்கும். குரல் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு சொல்வது எதுவும் உள்ளே போகாது. "இப்ப ரெண்டு பேரும் கோவத்துல இருக்கோம், ஒம்போது மணிக்குப் பேசலாம்" என்று நேரம் குறித்துவிட்டு விலகுங்கள். குறைந்தது இருபது நிமிடம். நேரம் குறிக்காமல் எழுந்து போனால் அது புறக்கணிப்பாகத் தெரியும். ஒன்பது மணிக்கு நீங்களாகவே போய்ப் பேசவேண்டும்.

நம் வீடுகளில் சமாதானம் என்பது "சாப்பிட வா" என்ற இரண்டு சொல். அதில் அன்பு இருக்கிறது, அதை விடவேண்டாம். ஆனால் எது தவறு என்று பிள்ளைக்கு அதில் தெரியாது. தட்டு வைத்த பிறகு ஒரு வாக்கியம் சேருங்கள்: "உன் பிரெண்டு முன்னாடி கத்தினது தப்புப்பா." அதற்குப் பிறகு "ஆனா நீயும்..." என்று தொடரக்கூடாது. மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம் தேவையில்லை. தன் தவறை ஒப்புக்கொள்வது எப்படி என்று பிள்ளை அப்போதுதான் பார்த்துக் கற்கிறது.

வீட்டுக்கு வெளியே உதவி தேடவேண்டிய நிலை

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் மாறியிருந்தால், பிடித்த விளையாட்டையும் நண்பர்களையும் விட்டுவிட்டால், மதிப்பெண் திடீரென்று சரிந்தால், கையில் கீறல்கள் தெரிந்தால், "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு வந்தால், அதைத் தலைமுறைச் சண்டையாக எடுத்துக்கொள்ளக்கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கும் எண்ணத்தை வெளியே சொல்ல வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும், தோட்டம் வயல் இருந்தால் பூச்சி மருந்தையும் பூட்டி வைத்துவிட்டு, அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு.

அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இயங்குவது, தமிழில் பேசலாம், கட்டணமில்லை. 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண். வீட்டிலோ வெளியிலோ பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் 1098. இந்த மூன்று எண்ணையும் தேர்வு முடிவு வரும் மாதத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி, பிள்ளை தானாகவே எடுத்துப் பேசும்படி அடுப்படிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.